புதுப்பித்த எங்கள் ஊர் தியேட்டர்: இருக்கைக்கு நாலு நட்சத்திரம், வெளிச்சத்துக்கு இரண்டு

மூன்று தடவை போய் வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முதல் தடவை போய் வந்த அன்றே எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன், ஏனென்றால் இத்தனை வருடம் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து துண்டு விரித்து உட்கார்ந்த இடத்தில் இப்போது காலை நீட்டி உட்கார முடிகிறது, அந்தச் சந்தோஷமே அன்றைக்குப் போதுமாக இருந்தது. இரண்டாவது தடவை நல்ல கோபத்தோடு வெளியே வந்தேன். மூன்றாவது தடவை இடைவேளையில் பழைய ஆபரேட்டர் அண்ணனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தேன், அதற்கப்புறம் கோபத்தை யார் மேல் காட்டுவது என்பதே குழம்பிவிட்டது.

டெல்டா பக்கம் ஒரு நடுத்தர ஊர், விநியோகஸ்தர் பாஷையில் டி.டி. ஏரியா, அதாவது திருச்சி-தஞ்சாவூர். பெயர் போடவில்லை. ஊரில் மிச்சம் இருப்பதே இரண்டு தியேட்டர், ஊர் பெயரைச் சொன்னால் தியேட்டர் பெயரையும் சொன்ன மாதிரிதான். 900 சீட் இருந்த பழைய ஒற்றைத் திரையை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். ஸ்கிரீன் 1 பெரியது, ஸ்கிரீன் 2 அதில் பாதிதான் இருக்கும். கட்டடம் இன்னமும் அந்தப் பழைய குடும்பத்துடையதே. லீஸுக்கு எடுத்து நடத்துவது வெளியூர் நிறுவனம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கை அருமை, முன் சீட்டுக்காரர் தலை மறைக்கவில்லை, ஏசி படம் முடிகிற வரைக்கும் ஓடியது (முன்பு இடைவேளைக்குப் பிறகு மெதுவாக அணைத்துவிடுவார்கள், ஊரே அறிந்த விஷயம்). கழிப்பறை சுத்தம், பெண்கள் பக்கமும் சுத்தம் என்று வீட்டில் சொன்னார்கள், அது ஒன்றுக்காகவே குடும்பத்தோடு போகலாம். சத்தம் ஸ்கிரீன் 1ல் பிரமாதம். ஸ்கிரீன் 2ல் சுவர் மெலிசு, பக்கத்து ஹாலில் சண்டைக் காட்சி வந்தால் நம் படத்தில் அம்மா செண்டிமெண்ட்டுக்கு நடுவே தடதடவென்று கேட்கிறது.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். ஸ்கிரீன் 2ல் ராத்திரிக் காட்சி என்றால் யார் யாரை அடிக்கிறார்கள் என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மிகைப்படுத்தவில்லை. பகல் காட்சிகள்கூட பழைய போட்டோ போல மங்கல், அதுவும் ஓரத்து சீட்டில் உட்கார்ந்தால் திரையின் மறுபக்கம் இருட்டாகவே தெரிகிறது. டிஜிட்டல் சினிமாவுக்கென்று டிசிஐ விதிகள் இருக்கின்றன, ஹாலிவுட் பெரிய ஸ்டூடியோக்கள் 2002ல் கூட்டுச் சேர்ந்து, 2005ல் வெளியிட்டவை. திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு கணக்கு. என்னிடம் அளக்கிற மீட்டர் இல்லை, ஆனால் இங்கே அதில் பாதி இருந்தால் ஆச்சரியப்படுவேன்.

மூன்றாவது தடவை ஆபரேட்டர் அண்ணனிடம் இதைக் கேட்டேன். என் சின்ன வயதிலிருந்து அங்கேயே இருக்கிறவர். "செனான் லாம்ப்புக்கு இத்தனை மணி நேரம்னு கணக்கு இருக்கு தம்பி, இது அதைத் தாண்டி எவ்வளவோ ஓடிருச்சு. மாத்தணும்னு சொன்னா, எரியுதுல்ல, அப்புறம் என்னங்கறாங்க" என்றார். யார் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குத்தான் சுவாரசியமான பதில் வந்தது. புரொஜக்டரும், படத்தை ஏற்றி வைத்து ஓட்டுகிற சர்வரும் ஒரு டிஜிட்டல் கம்பெனியுடையவை, வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள், மிஷின் எங்களுடையது, லாம்ப் உங்கள் செலவு என்பது அவர்கள் பேச்சு. லீஸ்காரர், இன்னும் இரண்டு வருடத்தில் லீஸ் முடிகிறது, இப்போது போய் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்கிறார். கட்டடக்காரரைக் கேட்டால், வாடகை வாங்குவதோடு சரி. ஒரு விளக்கை மாற்ற மூன்று முதலாளி, மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் காட்டுகிறார்கள். ஓரம் இருட்டாகத் தெரிவதற்குக் காரணம் வேறு, 3டி படத்துக்காகப் போட்ட வெள்ளித் திரையைச் சாதாரணப் படத்துக்கும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தத் திரை நடுவில் இருப்பவர்களுக்குத்தான் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

முன்பு இப்படி இல்லை. புரொஜக்டர் யாருடையதோ காட்சி அவருடையது, அவ்வளவுதான். இதே திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படங்களையும் சேர்த்து விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார், பிறகு 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். மிஷின், படம், கூடாரம் எல்லாம் ஒரே ஆள் கையில், விளக்கு மங்கினால் திட்டு வாங்குவதும் அதே ஆள். எங்கள் ஊர் தியேட்டரிலும் பழைய முதலாளி பெரியவர் இருந்த காலத்தில் இரண்டு புரொஜக்டரும் சொந்தம். புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிகிற வாசனையோடு அந்த ரூமுக்குள் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டரை மணி நேரப் படம் பதினாலு பதினைந்து ரீல். ஊரில் இரண்டு தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட், அதாவது படத்தின் ஒரே பிலிம் நகல், வந்தால் ஷிஃப்டிங், இங்கே ஓடி முடிந்த ரீலை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு பையன் அங்கே மிதிப்பான். ரயில்வே கேட் மூடிவிட்டால் அங்கே திரை வெள்ளையாக நிற்கும், விசில் பறக்கும்.

அந்தப் பிரிண்ட் ஒன்றுக்கு அறுபதாயிரம் ரூபாய் வாக்கில் செலவு. அதனால்தான் பெரிய ஊரில் முதலில் ஓட்டி, தேய்ந்து கோடு விழுந்த பிரிண்டை பி சென்டர், சி சென்டர் என்று அடுத்தடுத்த சின்ன ஊர்களுக்கு வரிசையாக அனுப்பினார்கள், தீபாவளிப் படம் எங்களுக்குப் பொங்கல் கழித்துதான் வரும். ரியல் இமேஜ் என்ற சென்னைக் கம்பெனி க்யூப் என்ற டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது 2005 வாக்கில், அதே சமயத்தில் யுஎஃப்ஓ என்ற மும்பைக் கம்பெனி செயற்கைக்கோள் வழியாகப் படத்தை இறக்கியது. அதன் பிறகு பிலிம் பெட்டி வருவது நின்று, ஹார்ட் டிஸ்க் வந்தது. சென்னையில் வெளியாகிற அன்றே, அதே தெளிவோடு எங்கள் ஊரிலும் படம். இதை நான் குறை சொல்லவே மாட்டேன். கோடு விழாத படத்தை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அந்த மிஷினை வாங்கப் பணம் எங்கள் ஊர்ப் பெரியவரிடம் இல்லை, அவர் மாதிரி எத்தனையோ பேரிடம் இல்லை. டிஜிட்டல் கம்பெனிதான் மிஷினை வைத்தது. போட்ட முதலை எடுக்க விபிஎஃப் என்று ஒரு கட்டணம், படத்தை ஓட்டுவதற்காகத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்குவது. ஹாலிவுட்டிலும் இந்தக் கட்டணம் இருந்தது, ஆனால் அங்கே தியேட்டர் மிஷின் செலவு அடைகிற வரை, இத்தனை வருடம் என்று கெடு வைத்த ஏற்பாடு. இங்கே கெடு இல்லை. அதோடு, படத்துக்கு முன்னால் ஓடுகிற விளம்பரத்தில் டிஜிட்டல் கம்பெனிக்கும் பங்கு, தியேட்டருக்கும் பங்கு, விளம்பரம் பார்க்க நம்மை உட்கார வைத்த படத்துக்கு அதில் பங்கு இல்லை. 2018 மார்ச் 1ஆம் தேதி தமிழ்த் தயாரிப்பாளர்கள் சங்கம் புதுப் படம் எதையும் வெளியிட மாட்டோம் என்று நிறுத்தியதே முக்கியமாக இந்தக் கட்டணத்துக்காகத்தான், ஏப்ரல் மூன்றாவது வாரம் வரை தமிழ்நாட்டில் புதுத் தமிழ்ப் படமே வரவில்லை. 2020 தீபாவளி சமயத்தில் மறுபடி அதே சண்டை. டிஜிட்டல் கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது, யாரும் பணம் போடாதபோது பணம் போட்டவர்கள் அவர்கள். ஆனால் வாடகைக்கு வைத்த மிஷினில் வேறு கம்பெனி தயார் செய்த படத்தை ஓட்டக்கூடாது என்று தியேட்டர்காரர்களைக் கட்டிப்போட்டதாக இந்தியப் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லி, யுஎஃப்ஓ தரப்புக்கு 1.04 கோடியும் க்யூபுக்கு 1.66 கோடியும் அபராதம் போட்டது. இரண்டும் ஒன்றாகச் சேரவும் 2017ல் முடிவெடுத்திருந்தன, 2019 ஜனவரியில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அந்த இணைப்புக்கு ஒப்புதல் தரவில்லை.

இதெல்லாம் எனக்கு எதற்கு, டிக்கெட் வாங்கினோமா படம் பார்த்தோமா என்றுதான் நானும் இருந்தேன், இரண்டாவது தடவை போகிற வரை. வெள்ளிக்கிழமை முதல் காட்சி, 10.30க்கு. 10.30 ஆயிற்று, 11 ஆயிற்று, திரையில் விளம்பரமே திரும்பத் திரும்ப ஓடுகிறது. கேட்டால் "கீ வரலை" என்றார்கள். படம் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு நாளாகவே உள்ளே இருக்கிறது, ஆனால் பூட்டுப் போட்டு. இந்த சர்வருக்கு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஒரு சாவி கோப்பு மின்னஞ்சலில் வந்தால்தான் திறக்கும். அன்றைக்கு 12.10க்குத்தான் வந்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கவுண்டரில் இருந்த பையனுக்கு எதுவும் தெரியாது, பாவம், அவன் மேல் கத்தியவர்களில் நானும் ஒருவன்.

கீ ஏன் வராது என்பது தனிக் கதை. பிலிம் காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும். பைனான்சியர் தயாரிப்பாளருக்குக் கடன் கொடுக்கும்போது லேப் லெட்டர் வாங்கிக்கொள்வார், என் பாக்கி தீராமல் பிரிண்ட் போடாதே என்று அர்த்தம். லேப்கள் அநேகமாக எல்லாம் மூடின, ஆனால் அந்த லெட்டர் போகவில்லை, இப்போது அது டிஜிட்டல் கம்பெனிக்குப் போகிறது. வியாழக்கிழமை ராத்திரி விடிய விடியப் பேச்சுவார்த்தை, பைனான்சியர் சரி என்று சொன்னால் கீ கிளம்பும். பழைய கடன், அதற்கு முந்தைய படத்தின் நஷ்டம், விநியோகஸ்தருக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் எல்லாம் அந்த ஒரு ராத்திரிக்குத்தான் வந்து உட்காரும். அன்றைக்கும் அதுதான் நடந்ததா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தமிழ் சினிமாவில் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்து என்றால் முக்கால்வாசி நேரம் இந்தக் கதைதான்.

சரி, காசுக்கு வருவோம். கவுண்டரில் டிக்கெட் 150 ரூபாய். ஆப்பில் போட்டால் அதற்கு மேல் முப்பது சொச்சம் சேர்கிறது, அதற்கு ஜிஎஸ்டி வேறு. எங்கள் ஊரில் கவுண்டருக்கு நடந்து போக எட்டு நிமிஷம், பெரிய படத்துக்குத் தவிர ஆப் தேவையே இல்லை. 150ல் தியேட்டருக்கு என்ன மிஞ்சும் என்று அண்ணன் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். டிக்கெட் 100 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி, நூறுக்குள் என்றால் 2025 செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம். தமிழ்நாட்டில் இதோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் உண்டு. 2017 ஜூலையில் இரண்டு வரியும் சேர்ந்து தலையில் விழுந்தபோது நாலு நாள் தியேட்டர்களை மூடினார்கள் என்பது ஞாபகம் இருக்கலாம். வரி போக 120 வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரத்தில் அதில் 70 சதவீதமோ அதற்கு மேலுமோ விநியோகஸ்தருக்கு. ஆக முப்பத்தைந்து ரூபாய் தேறினால் பெரிது. அதில்தான் கரண்ட், ஆள் சம்பளம், மிஷின் வாடகை, லீஸ் பணம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தியேட்டருக்குப் பங்கு கூடும், ஆனால் அதற்குள் ஹாலில் ஆள் இருக்க மாட்டார்கள்.

அந்த ஆள் இல்லாததற்கும் மிஷின்தான் ஒரு காரணம். பிரிண்டை எண்ணி எண்ணிப் போட்ட காலத்தில் ஒரு படம் ஊருக்கு ஒரு தியேட்டரில் ஐம்பது நாள் ஓடும். இன்றைக்கு ஒரே நாளில் எல்லா ஊரிலும் எல்லாத் திரையிலும் போட முடிகிறது, அதனால் மூன்றே நாளில் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்துவிடுகிறார்கள். நாலாவது வாரம் முடிந்தால் ஓடிடியில் வந்துவிடும். 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' ஜனவரி 13ல் தியேட்டரில், 29ல் வீட்டில், பதினாறே நாள். என் மச்சினன் தியேட்டர் பக்கமே வருவதில்லை, "நாலு வாரம்தானே மாமா, பொறுத்துக்கறேன்" என்கிறான். படத்துக்கான பணத்தில் பெரிய பங்கை ஓடிடிக்காரர் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், எந்தத் தேதியில் வீட்டுக்கு வர வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வார். தியேட்டருக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டும்.

அதனால் கேன்டீன். பாப்கார்ன் 140, காபி 50, முன்பு வெளியே பெட்டிக்கடையில் விற்ற முறுக்கு பாக்கெட் உள்ளே 60. கேன்டீன் இன்னொருவருக்குக் கான்ட்ராக்ட், அவர் முன்பணம் கட்டியிருக்கிறார், அவர் எடுக்க வேண்டாமா. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவர விடமாட்டார்கள். தியேட்டர்காரருக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது, ஆனால் அதே தீர்ப்பில் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இங்கே தண்ணீர் இருக்கிறதா என்றால் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சம் இல்லாத மூலையில், ஒரு பில்டர் மிஷின். டம்ளர் கிடையாது. குனிந்து கையால் குடிக்கலாம். நான் கேட்டேன், "வெச்சா எடுத்துட்டுப் போயிடறாங்க சார்" என்றார்கள்.

படம் தொடங்குமுன் விளம்பரம் 22 நிமிஷம், வாட்ச் வைத்துப் பார்த்தேன். நகைக்கடை, துணிக்கடை, சிமெண்ட், மறுபடி அதே நகைக்கடை, அப்புறம் புகையிலை எச்சரிக்கை. நுழைவு நேரம் 6.30 என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் 6.50க்குப் போங்கள், ஒன்றும் போய்விடாது. வண்டி நிறுத்த 20 ரூபாய், ரசீது கேட்டால் மட்டும் தருகிறார்கள்.

சென்னையில் சத்யம் தியேட்டரை நடத்திய எஸ்பிஐ சினிமாஸே 2018 ஆகஸ்டில் 71.69 சதவீதப் பங்கை 633 கோடிக்கு பிவிஆர் என்ற மல்டிபிளெக்ஸ் கம்பெனியிடம் கொடுத்தது, பிவிஆரும் அதன் போட்டிக் கம்பெனி ஐநாக்ஸும் 2023ல் ஒன்றாகிவிட்டன. அவ்வளவு புகழ் வாங்கியவர்களே விற்கும்போது, எங்கள் ஊர்க் குடும்பம் லீஸுக்கு விட்டதோடு நிறுத்திக்கொண்டது பெரிய விஷயம்தான், பக்கத்து ஊரில் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளத்துக்குத் திட்டுகிறேன்.

போகிறவர்களுக்கு: ஸ்கிரீன் 1 என்றால் தாராளமாகப் போங்கள், பின்னாலிருந்து நாலாவது ஐந்தாவது வரிசை, நடுவில். ஸ்கிரீன் 2ல் நடு சீட் கிடைத்தால் மட்டும், அதுவும் வெயிலில் எடுத்த படமாக இருந்தால் நல்லது. பெரிய நடிகர் படத்துக்கு வெள்ளிக்கிழமை முதல் காட்சி வேண்டாம், மதியக் காட்சிக்குள் கீ எப்படியும் வந்துவிடும். வீட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துப் போங்கள், டம்ளர் தின்பண்டம் இல்லை, வாசலில் தடுக்க முடியாது.

இதை எழுதி வைத்துவிட்டுப் போடலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். புது லாம்ப் வந்துவிட்டதாம், நான் கேட்டுவிட்டுப் போன பிறகு இன்னும் நாலைந்து பேரும் புகார் சொன்னார்களாம். சந்தோஷமாக வெளிச்சத்துக்கு நட்சத்திரத்தைக் கூட்டிவிடலாம் என்று திருத்தப் போனேன். "புதுசை ஸ்கிரீன் ஒண்ணுல போட்டாச்சு தம்பி" என்றார். அப்போ ரெண்டில்? "ஒண்ணுல இருந்து கழட்டினதை ரெண்டுல போட்டிருக்கோம். அதுக்கு இது பரவாயில்ல."

இரண்டிலேயே விட்டுவிட்டேன்.